ஏன்னா…

எங்கள் பேட்டையில் பழைய தலைமுறை மாமிகள் இன்னும் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஏன்னா’ என்பார்கள். கறிகாய் தீர்ந்தால் ஒரு ஏன்னா. காஸ் தீர்ந்தால் ஒரு ஏன்னா. பொறுமை தீர்ந்தால் சற்றே நீட்டி ஒரு ‘ஏன்ன்ன்னா’. மற்ற கணவர்களுக்கு அதற்கு ‘உங்களைத்தான்’ என்று பொருள். எங்கள் மூன்றாவது மாடி மாமாவின் காதில் மட்டும் அது ‘ஏனென்றால்’ என்று விழும். மாமி கூப்பிட்டு வாய் மூடுவதற்குள் அவர் காரணத்தை ஆரம்பித்துவிடுவார்.

“ஏன்னா, பால் பொங்கறது, பாருங்கோ!”

“ஏன்னா, பால்ல புரதம் இருக்கு, கொழுப்பு இருக்கு. சூடு ஏற ஏற மேல ஒரு ஏடு கட்டிக்கும். அடியில கிளம்பற ஆவிக்கு வெளியே போக வழி இருக்காது. ஏட்டையே தூக்கிண்டு எழும்பும். வெறும் தண்ணி எவ்வளவு நேரம் கொதிச்சாலும் இப்படிப் பொங்குமோ? பொங்காது. ஏன்னா…”

இரண்டாவது ஏன்னாவுக்குள் பால் அடுப்பை அணைத்துவிட்டு மேடையில் இறங்கி, சிங்க்கைத் தேடிப் போய்க்கொண்டிருக்கும். மாமா சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. பால்தான் கிடையாது. வருஷத்தில் ஒரே நாள், தை முதல் தேதி, அவர் விளக்கிக்கொண்டிருக்கையில் பால் பொங்கி வழிந்தால் வீடே சந்தோஷப்படும்.

தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். சீத்தம்மாள் காலனியில் இல்லாமலா இருப்பார்? கஸ்தூரி ரங்கன் சாலையில் இருவராவது தேறுவார்கள். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பௌதிகம் முறையாகப் படித்தவராக இருக்க மாட்டார். முறையாகப் படித்தவர்களைக் கேட்டால் ‘தெரியலை, பார்த்துச் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இவர்கள் வங்கி, இன்ஷூரன்ஸ், தணிக்கை என்று கணக்குப் பக்கம் இருந்து ரிடையர் ஆனவர்கள். எங்கள் மாமா தணிக்கை. முப்பத்து நான்கு வருஷம் ஒவ்வொரு வவுச்சருக்கும் காரணம் கேட்டுப் பழகியவர். வவுச்சர்கள் தீர்ந்ததும் பிரபஞ்சத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

இன்னொரு அடையாளம், வீட்டு அலமாரியில் காக்கி அட்டை போட்ட ஒரு பைண்டு. உள்ளே ஜூனியர் விகடனில் சுஜாதா எழுதிய ‘ஏன், எதற்கு, எப்படி?’ பக்கங்கள், கத்தரித்து ஒட்டியவை. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே கேள்வி கேட்கும் நோயைப் பரப்பிய பகுதி அது. வாசகர் எதை வேண்டுமானாலும் கேட்பார். எஞ்சினியரான எழுத்தாளர் நாலு வரியில் பதில் சொல்லி, கடைசி வரியில் ஒரு குட்டு வைப்பார். மாமாவும் ஒரு அஞ்சலட்டை போட்டாராம். பிரசுரமாகவில்லை. என்ன கேள்வி என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன், சொல்ல மாட்டார். பதில் வராத அந்தக் கோபத்தில்தான் அவரே பதிலாக மாறிவிட்டார் என்பது என் சித்தாந்தம்.

மாமாவின் பிரதான ஆய்வுக்கூடம் சமையலறை. அங்கே அவருக்கு உள்ளே வர அனுமதி உண்டு, எதையும் தொட அனுமதி கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அந்த வாசலில் நிற்க நேர்ந்தது. மாமி தோசைக்கல்லில் தண்ணீரைத் தெளித்தாள். துளிகள் ‘சொய்’ என்று மறையாமல் முத்து முத்தாக உருண்டு ஓடின.

“பார்த்தியோ? பார்த்தியோ?” என்று மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். “கல்லு அளவாக் காய்ஞ்சிருந்தா துளி தொட்ட உடனே ஆவியாகணும். இது அளவுக்கு மீறிக் காய்ஞ்சிருக்கு. அதனால சீக்கிரம்னா ஆவியாகணும்? ஆகலை. ஏன்னா, தொட்ட க்ஷணத்துல அடியில கொஞ்சம் ஆவியாகி, அந்த ஆவியே துளிக்கு மெத்தை போட்டுடறது. கல்லோட சூடு மேல ஏற முடியலை. துளி மெத்தையில சறுக்கிண்டே ஓடறது. லைடன்ஃப்ராஸ்ட்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1756-லயே இதைப் பத்தி லத்தீன்ல புஸ்தகம் போட்டிருக்கார். பழுக்கக் காய்ச்சின இரும்புக் கரண்டியில ஒவ்வொரு சொட்டா விட்டுப் பார்த்தாராம்.”

“கரண்டியிலயா?” என்றாள் மாமி திரும்பாமலே. “பாவம், ஒரு கல்லு வாங்கித் தர ஆளில்லையா அவருக்கு?”

சொல்லிக்கொண்டே அடுப்பைத் தணித்து, இன்னொரு கை தண்ணீர் தெளித்து, பாதி வெங்காயத்தால் கல்லை ஒரு தேய் தேய்த்து, மாவை ஊற்றிச் சுழற்றிவிட்டாள். துளி ஓடியதை அவள் பார்க்கவே இல்லை. சத்தம் வராததைக் கேட்டே கல் அதிகம் காய்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள். லைடன்ஃப்ராஸ்டுக்கு ஒரு புத்தகம் பிடித்த விஷயம் மாமிக்கு ஒரு காது பிடித்தது. முறுகலாக வந்த அந்தத் தோசை என் தட்டில் விழுந்தது. மாமாவுக்கு விழவில்லை. அவர் இன்னும் 1756-ல் இருந்தார்.

கோடையில் அவருடைய இன்னொரு பணி கடற்காற்றுக்குக் காத்திருப்பது. பகல் ஒரு மணிக்கே பால்கனியில் துண்டோடு நின்றுவிடுவார். தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும்; தரையின் மேலுள்ள காற்று எழும்பிப் போன இடத்துக்குக் கடல் காற்று உள்ளே வரும். மேல்காற்று பலமாக இருக்கிற நாளில் தாமதமாகும், சில நாள் வரவே வராது. “இன்னிக்கு லேட்” என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சொல்வார், பஸ் கண்டக்டரைப் பற்றிப் புகார் செய்கிறாற்போல.

சாயங்காலம் நாகேஸ்வர ராவ் பூங்கா. அங்கே நடப்பவர்களில் பாதிப்பேர் சர்க்கரைக்காக நடப்பவர்கள், மீதிப்பேர் மாமாவிடமிருந்து தப்பிக்க நடப்பவர்கள். ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறடி உயர நண்பர் ஒருவர், தலைக்கு மேல் கொசுக்கூட்டம் கோபுரம்போல் சுழல்வதைக் கையால் விரட்டிக்கொண்டிருந்தார். மாமா உட்கார்ந்தார். “விரட்டாதீங்கோ. அத்தனையும் ஆண். கடிக்காது. முட்டைக்குச் சத்து வேணும்னு பெண்தான் ரத்தத்துக்கு வரும். ஆண்கள் பெண்ணுக்காகக் கூட்டம் கூடறதுக்கு உயரமா ஒரு அடையாளம் தேடும். அக்கம்பக்கத்துல எது உசரமோ அதுக்கு மேல கூடும்.” இதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் இருந்த இன்னொருவரைக் காட்டி, “இதோ பாருங்கோ, சார் தலைமேல ஒண்ணுகூட இல்லை” என்றார். அந்த சார் அன்றுமுதல் பூங்காவில் எதிர்ச்சுற்றுச் சுற்றுகிறார்.

பெருமை பேசுவதிலும் மாமாவுக்கு ஒரு தனிவழி உண்டு. மற்றவர்கள் எங்கள் பக்கத்தின் பெருமைக்குச் சங்கீதத்தைச் சொல்வார்கள், கோயிலைச் சொல்வார்கள். இவர் சர் சி.வி. ராமனையும் அவருடைய அண்ணா பிள்ளை சந்திரசேகரையும் சொல்வார். இரண்டு பேரும் பிரசிடென்சி கல்லூரி. இரண்டு பேரும் நோபல். சித்தப்பா 1921-ல் இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ கப்பலில் திரும்பி வரும்போது கடல் ஏன் நீலம் என்று யோசித்தார். வானத்தின் நீலத்தைத் தண்ணீர் காட்டுகிறது என்பது அதுவரை பெரியவர்கள் சொன்ன பதில். அவர் ஒரு சின்னப் பட்டகத்தால் அந்தப் பிரதிபலிப்பை வடிகட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் நன்றாகத் தெரிந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்றார். பிள்ளை 1930-ல் எதிர்த் திசையில் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, போகிற வழியிலேயே செத்த நட்சத்திரம் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போட்டுவிட்டார். “குடும்பத்துல யாராவது கப்பலேறினா ஒரு நோபல்” என்பார் மாமா.

அந்த நம்பிக்கையில் அவரும் ஒருமுறை அந்தமானுக்கு விமானத்தில் போகாமல் கப்பலில் போனார். மூன்று நாள். அவருக்கு வந்தது வாந்தி. திரும்பி வந்ததும் அதற்கான காரணத்தைத்தான் விளக்கினார்: காதுக்குள் இருக்கும் சமநிலைக் கருவி ‘ஆடுகிறது’ என்று சொல்கிறது, அறைக்குள் பார்க்கிற கண் ‘ஆடவில்லை’ என்று சொல்கிறது, மூளை குழம்பிவிடுகிறது. “மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்துண்டு நின்னிருந்தா சரியாப் போயிருக்கும்.” ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். பக்கத்து அறைக்காரருக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தாராம்.

மார்கழியில் நாரத கான சபா. மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி சபை காண்டீனுக்குக் கிளம்பும் என்பது ஊரறிந்த விஷயம். மாமா கிளம்ப மாட்டார். பக்கத்து நாற்காலிக்காரரின் காதருகே சாய்வார். சாதாரணத் தோல் வாத்தியத்தைத் தட்டினால் எழும் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று சேராது, அதனால் அது சத்தம். மிருதங்கத்தின் வலந்தலையில், சோற்றையும் கருங்கல் பொடியையும் பிசைந்து, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து வரும்படி பூசியிருக்கிறார்களே அந்தக் கறுப்பு வட்டம், அதன் எடை அதிர்வுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண் கணக்கில் இழுத்துக் கட்டுகிறது. அதனால் இது சுரம். ராமன் 1920-லேயே ‘நேச்சர்’ இதழில் இதை எழுதிவிட்டார். எனக்குத் தெரிந்து, கேட்கவே வேண்டிய விளக்கம் அது. கணக்குத் தெரியாத யாரோ தோல் வேலைக்காரர்கள் காதை வைத்தே கண்டுபிடித்த பூச்சு என்று நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கும். ஆனால் வித்வான் தீர்மானம் வைக்கிற நேரம் அதற்கானது இல்லை. தனியில் எழுந்து போவதற்கு இதுவரை காண்டீன் ஒன்றுதான் காரணமாக இருந்தது. அந்த வரிசையில் மட்டும் இரண்டு.

2019 டிசம்பர் 26-ஆம் தேதி சூரிய கிரகணம். கிரகண நேரத்தில் தாம்பாளத் தண்ணீரில் உலக்கை தானாக நிற்கும் என்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப்பில் ஒரே படமாக வந்து விழுந்தது. மாமா கொதித்துப் போனார். கிரகணம் விட்ட மறுநாள், யாரோ வீட்டுப் பரணிலிருந்து உலக்கையை இறக்கி, எல்லாரையும் கார் நிறுத்துமிடத்துக்கு வரச்சொன்னார். “பூண் தட்டையா இருக்கு, தரை சமமா இருக்கு, கனத்தோட நடு பூணுக்கு நேர் மேல வந்தா எந்தக் கிழமையிலயும் நிக்கும்!” நின்றது. கைதட்டல். “கிரகணத்தோட வாசனை இன்னும் விடலை போல்ருக்கு” என்றாள் முதல் மாடிப் பாட்டி. அந்தக் குரல் வந்த பக்கம் மாமா திரும்பியபோது முழங்கை பட்டு, உலக்கை செயலாளரின் ஸ்கூட்டர்மேல் சாய்ந்தது. ஸ்கூட்டர் கண்ணாடிக்கான செலவு சங்கக் கணக்கில் ‘விஞ்ஞானம்’ என்ற தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. தணிக்கை செய்தவர் மாமாதான்.

மொட்டைமாடிச் சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வரும் நாள் வருஷத்தில் இரண்டு: ஏப்ரல் 24 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒன்று. அந்த நண்பகலில் செங்குத்தாக நிற்கும் எதற்கும் நிழல் விழாது. நண்பகல் என்றால் கடிகாரப் பன்னிரண்டு இல்லை. நம் கடிகாரம் எண்பத்திரண்டரை டிகிரி தீர்க்கரேகையின் கணக்கில் ஓடுகிறது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே உச்சிக்கு வரச் சற்றுத் தாமதம். ஏப்ரலில் 12 மணி 7 நிமிஷம். மாமா ஒரு வாரமாக அறிவிப்பு ஒட்டியும் வந்தது நாலு பேர். அதில் நான் ஒருவன், வாட்ச்மேன் ஒருவர்.

“1874-ல சுக்கிரன் சூரியனைக் கடந்தப்போ, மெட்ராஸ் வானாய்வுக்கூடத்துல இருந்த ரகுநாதாச்சாரி, ஜனங்களுக்குப் புரியணும்னு பல பாஷையில புஸ்தகம் போட்டார்” என்று மாமா வருத்தப்பட்டார். “நான் ஒரே பாஷையில போட்டேன். அதான் நாலு பேர்.”

டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். செருப்பில்லாமல் வந்த வாட்ச்மேன் ஒரு காலை மாற்றி ஒரு காலாக நின்றுகொண்டிருந்தார். தளம் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது; லைடன்ஃப்ராஸ்ட் மெத்தை நம் உள்ளங்காலுக்குக் கிடைப்பதில்லை. 12.05-க்கு டம்ளரின் நிழல் ஒரு நூலானது. 12.07-க்கு நூலும் அறுந்தது. மாமாவின் முகத்தில் குழந்தை பிறந்த களை.

“எங்கே நிழல்? சொல்லு, எங்கே நிழல்?” என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

“அது கீழ வேப்பமரத்தாண்ட இருக்கு சார்” என்றார் வாட்ச்மேன். “அங்கேர்ந்துதான் கூட்டியாந்தீங்க, இல்லாத நிழலப் பாக்கறதுக்கு.”

மாமாவைப் பற்றி நல்லதாக ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். காலையிலிருந்து காற்று மரங்களை முறித்துக்கொண்டிருந்தது. பிற்பகலில் யாரோ சுவிட்சை அணைத்தாற்போல் சட்டென்று நின்றது. எல்லாரும் ஓடினோம், விழுந்த மரத்தைப் பார்க்க, காரைப் பார்க்க, செல்போனில் படம் எடுக்க. வாசல் கேட்டில் மாமா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். “யாரும் போகக் கூடாது. திரும்ப வரும். எதிர்ப்பக்கத்துலேர்ந்து வரும்.” அவ்வளவுதான். புயலுக்கு ஒரு கண் உண்டு என்றோ, அது தலைக்கு மேல் கடக்கும்போதுதான் இந்த அமைதி என்றோ, சுழலின் மறுபாதி இனிமேல்தான் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்கே பயமாகிவிட்டது. மாமா காரணம் சொல்லவில்லை என்றால் விஷயம் பெரிது. திரும்பினோம். அரைமணிக்குள் காற்று எதிர்த்திசையிலிருந்து வந்து, எங்கள் வாசல் தூங்குமூஞ்சி மரத்தைச் சரியாக நாங்கள் நிற்க நினைத்த இடத்தில் சாய்த்தது. அவர் காரணம் சொல்லாத ஒரே நாளும், ஊர் அவர் சொன்னதைக் கேட்ட ஒரே நாளும் அதுதான்.

மறுநாள் எல்லாக் காரணத்தையும் சொல்லிவிட்டார். மின்சாரம் இல்லை, தப்பிக்க வழியும் இல்லை.

போன ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் நடந்ததுதான் கடைசி. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் வேலைக்கு வருகிற அக்கா, கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தாள். இறக்கையின் ஓரத்தில் கம்பளிபோல் தூசி. கீழே சாய்வு நாற்காலியில் மாமா. எதிரே பேப்பரோடு நான்.

“சார், இது நாள் முச்சூடும் இவ்ளோ ஸ்பீடா சுத்துது. தெருவுல ஒரு லாரி போனா குப்பையெல்லாம் பறக்குது. இதும்மேல ஒக்காந்த தூசி மட்டும் ஏன் பறக்க மாட்டேங்குது?”

மாமா வாயைத் திறந்தார். “ஏன்னா…” என்றார். நின்றுவிட்டார்.

நான் பேப்பரை இறக்கினேன். சமையலறையிலிருந்து மாமி எட்டிப் பார்த்தாள், உடம்புக்கு ஏதாவதா என்று.

“தெரியலன்னா பரவால்ல சார்” என்றாள் அக்கா. “ஸ்டூலப் புடிங்க, ஆடுது.”

மாமா எழுந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மூன்று நாள் பூங்காவில் ஆளைக் காணோம். நாலாம் நாள் இரவு என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் பேத்தியின் எஞ்சினியரிங் பாடப் புத்தகம்.

“நான் அஞ்சலட்டையில என்ன கேட்டேன்னு தெரியுமோ?” என்றார். “பிரபஞ்சத்துக்கு வெளியே என்ன இருக்குன்னு கேட்டேன். எல்லாரும் அதைத்தான் கேட்டிருப்பா. தலைக்கு மேல இத்தனை வருஷமா ஃபேன் சுத்தறது, இதைக் கேக்கத் தோணித்தா எனக்கு? இதைக் கேட்டிருந்தா கண்டிப்பாப் போட்டிருப்பார்.”

மறுநாள் அக்கா வந்ததும் மாமா தயாராக இருந்தார். நானும் போயிருந்தேன், இதைத் தவற விடுவேனா? பிராண்டல் என்ற ஜெர்மானியர் 1904-ல் சொன்னது. எவ்வளவு வேகமாகக் காற்று அடித்தாலும், ஒரு பரப்பை ஒட்டினாற்போல் இருக்கிற காற்று அந்தப் பரப்போடு ஒட்டிக்கொண்டு அதனுடனேயே போகும். இறக்கை சுற்றினால் அதுவும் சேர்ந்து சுற்றும். அதற்கு மேலே மேலேதான் வேகம் வித்தியாசப்படும். தெருவில் பறக்கிற இலையும் காகிதமும் அந்த மெல்லிய படலத்துக்கு மேலே தலைநீட்டுபவை, அதனால் மாட்டிக்கொள்ளும். பொடித் தூசி படலத்துக்குள்ளேயே படுத்திருக்கும், காற்று அதைத் தொடாது.

அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டாள். மாமியைத் தவிர யாரும் மாமாவை இவ்வளவு நேரம் கேட்டு நான் பார்த்ததில்லை. மாமிகூட முதுகைக் காட்டிக்கொண்டுதான்.

“அப்போ ஃபேன் சுத்துறதே தூசிக்குத் தெரியாதா சார்?”

“தெரியாது! சுத்தி என்ன அமளி நடந்தாலும் அது பாட்டுக்கு ஒரே இடத்துல சுகமா உக்காந்திருக்கும்.”

அக்கா சாய்வு நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள். அதில் சாய்ந்திருந்தவரையும் பார்த்தாள். உள்ளே மாமி கரண்டியைக் கீழே போட்டாள், சிரிப்பை அடக்கும்போது போடுகிற மாதிரி.

“சரி சார், செத்த எழுந்திருங்க” என்றாள் அக்கா. “அந்த எடத்தையும் பெருக்கிடறேன்.”